ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தொலைத்த கடிகாரம்

பிரிட்டனின் வேல்ஸில் ஒரு கேம்ப் சைட். மாலை ஆறு மணிக்கு எங்கள் வண்டியை, அமெரிக்காவில் கட்டிய ஓடும் வீட்டை, நிறுத்திக் கரண்ட் இணைப்பு கொடுத்ததும், மைக்ரோவேவில் மினுக்கிக்கொண்டிருந்த கடிகாரத்தில் என் மனைவி சரியாக ஆறு மணி என்று வைத்தாள். படுக்கையருகே முந்தைய உரிமையாளர் விட்டுப்போயிருந்த அலாரம் கடிகாரத்திலும் அப்படியே. இரவு ஒன்பது மணிக்கு இரண்டும் எட்டரை காட்டின.

"என்னங்க, பழைய வண்டின்னுதான் சொன்னீங்க. கடிகாரத்தையும் சேர்த்தா?" என்றாள்.

இரண்டு கடிகாரங்கள் கெட்டுப்போகலாம். ஆனால் ஒரே அளவில் கெட்டுப்போகாது. மூன்று மணி நேரத்தில் அரை மணி என்றால் மணிக்குப் பத்து நிமிடம், அதாவது ஆறில் ஒரு பங்கு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று (60 ஹெர்ட்ஸ்), பிரிட்டனில் 50. அந்தக் கடிகாரங்கள் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அலைகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 60 அலை வந்தால் ஒரு விநாடி என்று பழகியவை. இங்கே 60 அலை வருவதற்கு 1.2 விநாடி ஆகிறது. ஆகவே ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் காணாமல் போகும்.

கடிகாரம் தாமதமானால் யாருக்கும் சேதமில்லை. ஆனால் அதே 50 சுற்று, வண்டிக்குள் இருக்கிற ஏசியின் கம்ப்ரஸருக்கும் மைக்ரோவேவின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் போய்க்கொண்டிருக்கிறதே என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் அமெரிக்காவில் கட்டியது. ஃபோர்டு இ-450 சேஸிஸ் மீது 28 அடி நீளத்துக்கு ஒரு வீடு. யாரோ இங்கிலாந்துக்குக் கப்பலில் கொண்டுவந்து, சில வருடம் ஓட்டிவிட்டு விற்றார்கள். ஆறு பேர் படுக்கலாம், நின்றபடி குளிக்கலாம், அளவான சமையலறை. அதே விலைக்கு ஐரோப்பிய வண்டி எதுவும் இதில் பாதி கூட வராது. அதற்காகவே ஓட்டுநர் உரிமத்தில் சி1 பிரிவுக்குத் தேர்வு எழுதினேன். 3.5 டன்னைத் தாண்டிய வண்டி என்பதால் என் சாதாரண உரிமம் செல்லாது. கதவு வலது பக்கம் இருப்பதால் இங்கே சாலையோரம் நிறுத்தினால் நேராகப் போக்குவரத்துக்குள்தான் இறங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தேதான் வாங்கினேன். மின்சாரம் பற்றி மட்டும், விற்றவர் சொன்ன ஒரு வரியை நம்பினேன்: "இந்த மஞ்சள் பெட்டியை நடுவில் மாட்டினால் போதும், எல்லாம் வேலை செய்யும்."

எல்லாம் வேலை செய்தது என்பதுதான் சிக்கலே.

வேல்ஸிலிருந்து அன்றிரவே கோயம்புத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போடவில்லை, அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் போட்டேன். அப்பா முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வார்னிஷ் வாடையும் கருகிய காயில் வாடையும் கலந்துதான் என் பள்ளிக்கூட நாட்கள். நான் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி வோல்டேஜைப் பற்றியதல்ல.

"சைக்கிள் என்ன கண்ணு?"

பழைய பட்டறைக்காரர்களுக்கு ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் வாயில் வராது, சைக்கிள்தான். அறுபது சைக்கிள் சாமான் ஐம்பதில் ஓடுகிறது என்றேன். "அப்ப இரும்பு நெறஞ்சுக்கும். தொட்டுப் பாரு, சுடும்" என்றார்.

அந்த "இரும்பு நெறஞ்சுக்கும்" என்பதை நான் பிறகு எனக்குப் புரிகிற மாதிரி இப்படி வைத்துக்கொண்டேன். மோட்டாரிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கும் இரும்பு ஒரு பாத்திரம் மாதிரி. மின்சாரம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அதற்குள் காந்தத்தை ஊற்றுகிறது. அடுத்த அரைச் சுற்றில் வெளியே எடுத்து எதிர்ப்பக்கம் ஊற்றுகிறது. 60 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று என்பது 8.3 மில்லிவிநாடி. 50-இல் 10 மில்லிவிநாடி. ஊற்றும் நேரம் கூடிவிட்டது, பாத்திரம் அதே அளவு. நிரம்பி வழிகிற கட்டத்தில் காயிலில் கரண்ட் எகிறுகிறது, எகிறிய கரண்ட் எல்லாம் சூடாக மாறுகிறது. சரி செய்ய வேண்டுமானால் ஊற்றும் வேகத்தை, அதாவது வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 120 வோல்ட்டை 60-ஆல் வகுத்தால் 2. அதே 2 வர, 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட்தான் கொடுக்கலாம். ஆகவே அமெரிக்க மோட்டாருக்கு இங்கே சரியாக 120 வோல்ட் கொடுத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர், உண்மையில் அதற்கு 20 சதவீதம் கூடுதலாக ஊட்டிக்கொண்டிருக்கிறார். இதுவும் போதாதென்று மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். அதன் தண்டிலேயே விசிறி இருந்தால் குளிர்விக்கும் காற்றும் குறையும்.

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஒவ்வொரு பொருளின் பின்னாலும் இருக்கும் தகட்டைப் படித்தது. ஒரு சனிக்கிழமை முழுதாகப் போனது. ஃப்ரிட்ஜைப் பாதி வெளியே இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் யாரும் அடாப்டர் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது என்பேன். அடாப்டர் பிளக் ஊசியின் வடிவத்தை மாற்றுமே தவிர வேறெதையும் மாற்றாது.

தகடுகளைப் படித்ததில் பொருட்கள் தாமாகவே பிரிந்துகொண்டன. டிவி, லேப்டாப், போன் சார்ஜர் எல்லாவற்றிலும் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தது. இவற்றுக்கு எந்த ஊரும் சொந்த ஊர். அடுத்தது வெறும் சூடேற்றும் கம்பி உள்ளவை. ஃப்ரிட்ஜ் கேஸிலும் ஓடும், 120 வோல்ட் கம்பியிலும் ஓடும். அதற்குள் கம்ப்ரஸர் கிடையாது, சுமார் 300 வாட் ஹீட்டர் மட்டும்தான். வெந்நீர் ஹீட்டர் 1,440 வாட். கம்பிக்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையில்லை, வோல்டேஜ் மட்டும் சரியாக இருந்தால் போதும். 110 வோல்ட்டில் அந்த வெந்நீர் ஹீட்டர் 1,210 வாட் அளவில் வேலை செய்யும், தண்ணீர் கொஞ்சம் தாமதமாகச் சுடும், அவ்வளவுதான். ஆனால் தவறிப்போய் 230 வோல்ட் நேராகப் போனால்? வோல்டேஜ் இரட்டிப்பாவதால் சூடும் இரட்டிப்பாகும் என்று நினைத்தால் தப்பு. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு ஆகும். 1,440 வாட் கம்பி 5,300 வாட்டுக்குக் கொதிக்கும். பிரேக்கர் விழுவதற்கும் கம்பி அறுவதற்கும் நடக்கும் அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் நமக்கு நஷ்டம்.

கடைசியில் மிஞ்சியவை மூன்று: மைக்ரோவேவ், கூரை ஏசி, பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர். மூன்றிலும் "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று கறாராக எழுதியிருந்தது. மூன்றுக்குள்ளும் இரும்பும் காயிலும். கன்வெர்ட்டர் பழைய வகை, உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர். அது ஓடும்போது வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் வருவதை நாங்கள் ஃப்ரிட்ஜ் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மைக்ரோவேவ் எங்களை ஏற்கெனவே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிடம் வைத்தாலும் சாப்பாடு நடுவில் ஜில்லென்று இருக்கிறது என்பது என் மனைவியின் நீண்ட நாள் புகார். இத்தனைக்கும் அதன் இரண்டு நிமிடம் இங்கே 2 நிமிடம் 24 விநாடி. கூடுதல் நேரம் ஓடியும் சூடு குறைவு, ஆனால் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கை வைக்க முடியாத சூடு. சாப்பாட்டுக்குப் போக வேண்டிய சூடு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பொருள் கெட்டுப்போகும் கதை. இனி வருவதுதான் ஆள் செத்துப்போகும் கதை. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, என் புத்திக்கு எட்டவும் இல்லை.

லண்டனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் அவர் அண்ணன். கன்வெர்ட்டரை மாற்றித் தரக் கேட்டுத்தான் கூப்பிட்டேன். வந்தவர் கன்வெர்ட்டரைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, இதை ஆர் தந்தது?"

சொன்னேன். ஒன்றும் பேசாமல் மீட்டரை எடுத்து, வண்டிக்குள் ஒரு சாக்கெட்டில் வெள்ளை வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். 55 வோல்ட். கறுப்புக்கும் எர்த்துக்கும் வைத்தார். அங்கேயும் 55.

"இது கட்டட வேலைக்குத் தாற சாமான். வீட்டுக்கோ வண்டிக்கோ இல்லை. இண்டைக்கே கழட்டி வையுங்கோ."

மஞ்சள் பெட்டி என்பது பிரிட்டனில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் டிரில்லுக்கும் கட்டருக்கும் 110 வோல்ட் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர். அதன் சூட்சுமம், வெளியே வரும் காயிலின் நட்டநடுப் புள்ளியை எர்த் செய்திருப்பார்கள். ஆகவே வெளியே வரும் இரண்டு வயர்களிலும் எர்த்தைப் பொறுத்து 55 வோல்ட் மட்டுமே. வயர் வெட்டுப்பட்டு ஒரு தொழிலாளி தொட்டுவிட்டாலும் 55-க்கு மேல் அடிக்காது. அந்த வேலைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அமெரிக்க வண்டியோ வேறொரு நம்பிக்கையில் கட்டப்பட்டது. கறுப்பு வயரில்தான் மின்சாரம் இருக்கும், வெள்ளை வயர் எர்த்துக்குச் சமம் என்பது அதன் நம்பிக்கை. அதனால் அதன் பிரேக்கர்கள் எல்லாம் கறுப்பை மட்டும்தான் துண்டிக்கும். பிரேக்கரை அணைத்துவிட்டோம் என்று தைரியமாக நான் சாக்கெட்டைத் திறந்த ஒவ்வொரு முறையும் வெள்ளை வயரில் 55 வோல்ட் உட்கார்ந்திருந்திருக்கிறது. வெள்ளை வயர் எங்காவது பாடியில் உரசினால் வண்டிக்குள் இருக்கும் எந்தப் பிரேக்கரும் அதைப் பார்க்கவும் பார்க்காது.

பெட்டியில் 3.3 கேவிஏ (தாங்கும் சுமையின் அளவு) என்று பெரிதாக எழுதியிருந்ததும் இன்னொரு பொறி. அது விட்டுவிட்டு ஓடும் டிரில்லுக்கான கணக்கு. தொடர்ந்து இழுத்தால் ஏறக்குறைய அதில் பாதிதான் தாங்கும். 13,500 பிடியூ குளிர்திறனுள்ள எங்கள் ஏசி ஓடும்போது 13 ஆம்பியர் அளவில் இழுக்கும், கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு. போன கோடையில் ஏசி போட்டுக் கால் மணியில் எல்லாம் அணைந்து, பெட்டி ஆறிய பிறகு தானாக உயிர் வந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் மெல்ல, "கேம்ப் சைட்டின் மின்கம்பத்தில் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி இருக்கிறதே அண்ணா, அது காப்பாற்றாதா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இன்றைக்கும் பலர் கேட்பதைக் கேட்கிறேன்.

காப்பாற்றாது. ஆர்சிடி என்கிற கசிவுக் காவல் செய்வது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒரு வயரில் போனது இன்னொரு வயரில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்கும். குறைந்தால் யார் உடம்பு வழியாகவோ எர்த்துக்குப் போகிறது என்று அர்த்தம், உடனே வெட்டிவிடும். ஆனால் நடுவில் தனித்தனிக் காயில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டால் கம்பத்தின் கணக்கு அதன் முதல் காயிலோடு முடிந்துவிடுகிறது. வண்டிக்குள் நான் ஒட்டிக்கொண்டு துடித்தாலும், கம்பத்தைப் பொறுத்தவரை டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதல் கரண்ட் எடுக்கிறது, வரவும் செலவும் சரி. வண்டிக்குள்ளே தனியாக ஒரு காவல் இருந்தே ஆக வேண்டும். அந்தக் காவல் வேலை செய்ய, டிரான்ஸ்ஃபார்மரின் வெளிக் காயிலில் ஒரு முனையை எர்த்தோடு கட்டி, அதை நியூட்ரல் என்று ஆக்க வேண்டும். அமெரிக்க வண்டிகளின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அவை சேரும் இடம் மின்சாரம் புறப்படும் இடம், அமெரிக்காவில் அது கேம்ப் சைட் பக்கம். இங்கே மின்சாரம் புறப்படும் இடம் நம் டிரான்ஸ்ஃபார்மர். ஆகவே அங்கேதான் சேர வேண்டும், அங்கே ஒரே ஒரு முறைதான் சேர வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு இணையத்தில் நான் பார்த்து வைத்திருந்த மலிவான, எடை குறைந்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினேன். அண்ணன் வேண்டாமென்று தலையசைத்தார். அதில் இரண்டு காயில் கிடையாது. ஒரே காயில், நடுவில் ஒரு கிளை. நியூட்ரல் இரண்டு பக்கத்துக்கும் பொது. அந்தக் காயிலின் கீழ்ப்பாதி அறுந்தால் 230 வோல்ட் மேல்பாதி வழியாக அப்படியே வண்டிக்குள் இறங்கும். அதைவிட, பிரான்ஸ் மாதிரி இடங்களில் லைனும் (ஃபேஸ்) நியூட்ரலும் இடம் மாறி வருவது சகஜம். அப்படி மாறினால் நாம் பத்திரம் என்று நம்பும் வெள்ளை வயரில் எர்த்தைப் பொறுத்து முழு 230 வோல்ட் நிற்கும்.

முடிவில் வாங்கியது 230-லிருந்து 115 வோல்ட் தரும் 3 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு தனித்தனிக் காயில் உள்ளது. தொடர்ந்து ஓடும் தகுதியுள்ளது, 50 ஹெர்ட்ஸுக்கென்றே கட்டியது. கிட்டத்தட்ட முப்பது கிலோ. இரண்டு பேர் தூக்கிக் காற்றோட்டமுள்ள வெளி லாக்கரில் வைத்து போல்ட் போட்டோம். உள்ளே வரும் பக்கம் லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் பிரேக்கர். வெளியே போகும் பக்கம் எர்த் கட்டிய நியூட்ரல், 25 ஆம்ப் பிரேக்கர், அதன் பிறகு 120 வோல்ட்டுக்கென்றே செய்த கசிவுக் காவலான ஜிஎஃப்சிஐ. அமெரிக்க ஜிஎஃப்சிஐ 5 மில்லிஆம்பிலேயே வெட்டும், நம் ஆர்சிடியை விடத் தொட்டாற்சிணுங்கி. 230 வோல்ட் ஆர்சிடியைக் கொண்டுபோய் 115-இல் வைத்தால் அதன் டெஸ்ட் பட்டனே நம்பும்படி வேலை செய்யாமல் போகலாம், அதனால்தான் இப்படி.

இதற்கும் ஒரு குணம் உண்டு. பெரிய டிரான்ஸ்ஃபார்மரை இணைக்கும் அந்த நொடியில், எதுவும் ஓடாவிட்டாலும், அது ஒரு பெரிய மூச்சு இழுக்கும். அலையின் எந்த இடத்தில் சொருகினோம் என்பதைப் பொறுத்துக் கம்பத்தின் பிரேக்கர் விழும், அல்லது விழாது. இரவு பத்தரைக்கு கேம்ப் சைட் வார்டனின் கதவைத் தட்டி, "மறுபடியும் நாங்கள்தான்" என்று நின்ற பிறகு, மெதுவாகத் தொடங்க வைக்கும் ஒரு சின்னக் கருவியை முன்னால் சேர்த்தோம்.

வயர் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் வயர் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணி. நமக்குச் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். பிரிட்டனிலும் பழைய வீடுகளில் அப்படித்தான். 2004-இலிருந்துதான் இங்கே பழுப்பு லைன், நீலம் நியூட்ரல் என்று நிலையான வயரிங்கில் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ். வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது வெறும் செம்பு எர்த். மஞ்சள் பெட்டிக் காலத்தில் ஒரு சாக்கெட்டை நான் மாற்றினேன். கறுப்பைப் பார்த்ததும் கை தானாக நியூட்ரல் பக்கம் போனது. முப்பது வருடப் பழக்கம். பட்டறையில் அப்பா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த நிறம் அது. மாற்றித்தான் மாட்டியிருக்கிறேன் என்பதை அண்ணன் கண்டுபிடித்தார். "நிறத்தை நம்பாதேங்கோ தம்பி, மீட்டரை நம்புங்கோ" என்றார்.

வீட்டு வாசலில் இணைப்பது இன்னும் எளிது என்று நினைத்திருந்தேன். சமையலறை சாக்கெட்டிலிருந்து ஒரு நீட்டு வயர், முடிந்தது வேலை. அண்ணன் அதற்கும் விடவில்லை. பிரிட்டனில் ஏராளமான வீடுகளில் தெருவிலிருந்து வரும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பி. பிஎம்இ என்பார்கள். அந்தக் கம்பி தெருவில் எங்காவது அறுந்தால், வீட்டின் எர்த் முழுவதும் மின்னேறி நிற்கும். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எல்லாம் ஒன்றோடொன்று கட்டியிருப்பதால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று வண்டியின் கைப்பிடியைத் தொடுகிறவருக்குத் தெரியும். அதனால் அந்த எர்த்தைக் கேரவனின் உலோகத்தோடு சேர்க்க 2002-இன் மின் பாதுகாப்பு விதிமுறைகளே இடம் கொடுப்பதில்லை. வாசலில் தனி எர்த் ராடு அடித்து, தனி ஆர்சிடி வைத்து, கேம்ப் சைட்டில் இருப்பது போன்ற நீல 16 ஆம்ப் சாக்கெட் போட்டுத் தந்தார். செலவு வலித்தது. குழந்தைகள் அந்தப் புல்லில்தான் விளையாடுகிறார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒருவர் போனில் யோசனை கேட்டார். அவருடையது பெரிய பஸ் மாதிரி வண்டி, 50 ஆம்ப் இணைப்பு. அவ்வகைப் பேனலில் இரண்டு ஃபேஸ் வயர் இருக்கும், ஒவ்வொன்றும் நியூட்ரலுக்கு 120, தங்களுக்குள் 240. "உள்ளேயே 240 இருக்கிறது, இங்கே வருவதும் ஏறக்குறைய அதுதான், நேராக இரண்டு ஃபேஸிலும் கொடுத்துவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாமே?" கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் வெள்ளை வயரை எங்கே கட்டுவார்? அது அந்தரத்தில் தொங்கும். ஒரு பக்கம் 300 வாட் ஃப்ரிட்ஜும் மறுபக்கம் 1,440 வாட் வெந்நீர் ஹீட்டரும் ஓடினால் இரண்டும் வரிசையாக நின்று 230-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது, ஃப்ரிட்ஜுக்கு 190 வரும், ஹீட்டருக்கு 40. அதற்குப் பக்கத்தில் செருகிய எதுவும் அதே 190-ஐ வாங்கிக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் ஒரு தாளில் போட்டு அனுப்பினேன்.

எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஓட்டிய பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. இவ்வளவு பாடுபட்டு 115 வோல்ட் செய்து, அதைக் கொண்டு என்ன ஓட்டுகிறோம்? கன்வெர்ட்டரை மாற்றி இங்கத்திய 230 வோல்ட் பேட்டரி சார்ஜர் வைத்தாகிவிட்டது. மைக்ரோவேவ் ஒருநாள் கருகிய வாடை விட்டது. எனக்குப் பழக்கமான வாடை, உடனே பிடுங்கிவிட்டேன். அதன் இடத்தில் உள்ளூர் மைக்ரோவேவ். இவற்றுக்காக 230 வோல்ட்டுக்குத் தனி பேனல், தனி பிரிட்டிஷ் சாக்கெட்டுகள், லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் ஆர்சிபிஓ (பிரேக்கரும் ஆர்சிடியும் ஒன்றாக இருப்பது). ஊசி வடிவம் வேறு என்பதால் அமெரிக்கப் பொருளை யாரும் மறந்தும் அதில் செருக முடியாது. ஆக அந்த முப்பது கிலோ இரும்பு இன்று சுமப்பது ஃப்ரிட்ஜ் கம்பியையும் வெந்நீர்க் கம்பியையும்தான். இரண்டுக்கும் கேஸ் வழி உண்டு. இன்னொரு முறை வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாமல் முதலிலேயே பொருட்களை மாற்றிவிடுவேன். இறக்குமதி வண்டி வாங்க யோசிப்பவர்களிடம் இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் சின்ன வண்டிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். அந்த நாட்டின் கிழக்கில் 50, மேற்கில் 60 என்பதால் அவர்களின் பொருட்களில் பெரும்பாலும் இரண்டும் அச்சிட்டிருக்கும். ஆனால் வோல்டேஜ் 100, அதைக் கவனிக்க வேண்டும்.

ஏசியை மட்டும் மாற்றவில்லை. வண்டியிலேயே ஒரு 4 கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது, நிஜமான 60 ஹெர்ட்ஸ் தருவது. வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் வெயில் கொளுத்தும்போது, பக்கத்தில் யாரும் இல்லாத இடமென்றால் அதைப் போட்டு ஏசியை ஓட்டுகிறோம். பல கேம்ப் சைட்டுகளில் ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லை, அங்கே ஜன்னலைத் திறந்துகொள்கிறோம். ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் எந்த நொடியிலும் ஒன்றையொன்று சந்திக்காதபடி, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து மாற்றும் சுவிட்ச் நடுவில் இருக்கிறது.

கேம்ப் சைட் பழக்கம் இப்போது கைக்கு வந்துவிட்டது. முதலில் கம்பத்தில் எத்தனை ஆம்பியர் என்று கேட்பேன். 16 என்றால் 3,680 வாட், 10 என்றால் 2,300. பிரான்ஸில் 6 ஆம்ப் கொடுத்த இடமும் உண்டு. அங்கே 1,380 வாட்டோடு குடும்பம் நடத்த வேண்டும், வெந்நீரைக் கேஸுக்கு மாற்றிவிட வேண்டியதுதான். 3 கிலோவாட் கெட்டிலை வீட்டில் விட்டுவிட்டு 1 கிலோவாட் கெட்டில் வைத்திருக்கிறோம். டீக்குக் காத்திருக்கப் பழகிவிட்டது. 2.5 சதுர மில்லிமீட்டர், 25 மீட்டர் ரப்பர் கேபிளை முழுக்கச் சுருள் பிரித்துத் தரையில் விடுவேன். சுருளாகவே விட்டால் உள்ளிருக்கும் சுற்றுகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி உருகிய ஒன்றைப் பக்கத்து இடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் வண்டியில் செருகி, பிறகு கம்பத்தில். கழற்றும்போது கம்பத்திலிருந்து முதலில். பிரான்ஸின் நார்மண்டியில் ஒருமுறை டெஸ்டர் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதாகச் சிவப்பு விளக்கு காட்டியது. அதற்கென்று வைத்திருக்கும் திருப்பு அடாப்டரைப் போட்டதும் சரியானது. அதன் பிறகு வண்டிக்குள் போய் இரண்டு பேனலிலும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். மொத்தம் ஐந்து நிமிடம்.

மைக்ரோவேவ் போய்விட்டது, மஞ்சள் பெட்டி ஒரு கட்டடக்காரரிடம் போய்விட்டது. படுக்கையருகே இருக்கும் அந்த அலாரம் கடிகாரத்தை மட்டும் நான் கழற்றவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது அது ஒழுங்காக நேரம் காட்டும். கம்பத்து மின்சாரத்துக்கு வந்ததும் மறுபடி மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். சின்னவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். இரவு தூங்கச் சொன்னால், "அம்மா, இதுல இன்னும் எட்டரைதான் ஆகுது" என்கிறான்.